பி.பி. மெஷின் அந்த இரண்டு எண்ணையும் அளப்பதே இல்லை, தெரியுமா?

கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். பொத்தானை அமுக்கியதும் காற்று ஏறுகிறது, கை இறுகுகிறது, பிறகு மெல்ல இளகுகிறது. திரையில் 120/80. "நார்மல்" என்கிறார் டாக்டர். நாமும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நிம்மதியாக எழுந்து வருகிறோம். அந்த மெஷின் 120ஐயும் அளக்கவில்லை, 80ஐயும் அளக்கவில்லை என்பது தெரியுமா?

நம்ப முடியவில்லையா? பட்டையில் காற்று இறங்க இறங்க, அடியில் ஓடும் தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தக் காற்றை ஓர் உதை உதைக்கிறது. மெஷின் கவனிப்பது அந்த உதைகளை மட்டுமே! முதலில் சின்ன உதை, போகப் போகப் பெரிய உதை, பிறகு மறுபடி தேய்ந்துபோகிறது. எந்த அழுத்தத்தில் உதை உச்சத்தைத் தொடுகிறதோ, அதுதான் தமனியின் சராசரி அழுத்தம். 120/80 உள்ளவருக்கு அது 93 பக்கத்தில் இருக்கும். மெஷின் உருப்படியாகக் கண்டுபிடிப்பது இந்த ஒற்றை எண்ணைத்தான். மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோமே, அவை இரண்டும் உதைகள் வளர்ந்து தேய்ந்த விதத்தைப் பார்த்து ஒரு சூத்திரம் போட்டுக் கொடுத்த கணக்கு. என்ன சூத்திரம்? கம்பெனி சொல்லாது! ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனித்தனிச் சூத்திரம், எல்லாம் தொழில் ரகசியம். அதனால்தான் ஒரே கையில் இரண்டு கம்பெனி மெஷின்களை அடுத்தடுத்து மாட்டினால் இரண்டு விதமாகச் சொல்கின்றன. இத்தனை கோடிப் பேர் மாத்திரை அளவைத் தீர்மானிக்கும் ஒரு கணக்கை இப்படிப் பூட்டி வைத்திருப்பது எனக்கு உவப்பாக இல்லை.

1970களில் அமெரிக்காவில் மேனார்ட் ராம்சே உருவாக்கிய 'டைனமேப்' கருவிதான் இந்த வம்சத்தின் மூத்த பிள்ளை. 1976இல் வந்த முதல் மாடல் ஒளிவு மறைவில்லாமல் சராசரியை மட்டும் காட்டியது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் பின்னால் வந்த மாடல்களில் சேர்ந்தவை. வேடிக்கை என்னவென்றால், இதய அறுவை அரங்கிலும், ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் காத் லேபிலும் மயக்க மருந்து நிபுணரின் கண் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருப்பது திரையில் அடைப்புக்குறிக்குள் சின்னதாகத் தெரியும் அந்தச் சராசரியில்தான். சிறுநீரகமும் மூளையும் பிழைத்துக் கிடப்பது அதை நம்பி. 65க்குக் கீழே அது இறங்கி நின்றால் அரங்கில் பேச்சு குறைந்துவிடும்.

முதல் நோயாளி ஒரு குதிரை!

சரி, ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் டாக்டரே இல்லை, ஒரு பாதிரியார் என்பது தெரியுமா? இங்கிலாந்தில் டெடிங்டன் கிராமத்துத் தேவாலயத்தில் இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியைத் திறந்து பித்தளைக் குழாயைச் செருகி, அதன்மேல் 9 அடி உயரக் கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். குதிரையின் ரத்தம் அந்தக் குழாயில் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது! இன்றைய கணக்கில் ஏறத்தாழ 190 மில்லிமீட்டர் பாதரசம். கட்டிப்போட்டு, தமனியைக் கிழித்து, உடம்புக்குள் குழாயைச் செருகினால் எந்தக் குதிரைக்குத்தான் பி.பி. ஏறாது! 1733இல் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார் மனிதர்.

கண்ணாடிக் குழாய் ஏன் பாதரசத்துக்கு மாறியது? தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் அது. 8 அடிக் குழாய் கைக்கு அடக்கமாகச் சுருங்கிவிடும். 1828இல் பிரான்ஸின் புவாஸே இதைச் செய்தார், அதுவும் மாணவராக, தன் பட்ட ஆய்வுக்காக! பாதரசக் கருவிகள் ஆஸ்பத்திரிகளை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும் இந்த நாளிலும் நம் ரத்த அழுத்தம் 'மில்லிமீட்டர் பாதரசம்' என்றே எழுதப்படுவது அவர் விட்டுப்போன பழக்கம்.

ஆனால் மனிதரின் தொடையைக் கிழித்துக் குழாய் வைக்க முடியுமா? தோலைத் துளைக்காமல் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அறிய வேண்டும் என்றால் ஒரே வழிதான். வெளியே இருந்து அமுக்கி, எவ்வளவு அமுக்கினால் நாடி நிற்கிறது என்று பார்ப்பது. இந்த யோசனையின் விதை 1628லேயே விழுந்துவிட்டது தெரியுமா? ரத்தம் சுற்றி ஓடுகிறது என்று வில்லியம் ஹார்வி நிரூபித்ததே கையில் துணிக்கட்டுப் போட்டுத்தான்! இறுக்கிக் கட்டினால் நாடி நிற்கிறது, கை மெல்லக் குளிர்கிறது. கொஞ்சம் தளர்த்தினால் நாடி வருகிறது, சிரைகள் புடைக்கின்றன. அந்தக் கட்டுக்குக் காற்றும் அளவுகோலும் கிடைக்க இன்னும் 268 ஆண்டுகள் ஆயின, அவ்வளவுதான்.

1896. இத்தாலியின் டூரின் நகரம். சிப்பியோனே ரீவா-ரொச்சி என்ற டாக்டர் ஒரு கருவி செய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சாமான்களைக் கேளுங்கள்: சைக்கிள் டியூப், மைக்கூடு, செம்புக் குழாய், கொஞ்சம் பாதரசம்! சைக்கிள் டியூப் கையைச் சுற்றியது, மைக்கூட்டில் பாதரசம் நின்றது. இன்று காத் லேபில் பல லட்ச ரூபாய் மானிட்டரோடு இணைந்திருக்கும் பட்டையின் பாட்டனார் இவர்தான். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் இன்றைக்கும் நோயாளியின் சீட்டில் ரத்த அழுத்தத்துக்கு 'ஆர்.ஆர்.' என்று எழுதுகிறார்கள். ரீவா-ரொச்சியின் தலைப்பெழுத்து!

அவர் பட்டையில் ஒரு கோளாறும் இருந்தது. அகலம் வெறும் 5 சென்டிமீட்டர். குறுகிய பட்டை எப்போதும் கூடுதலாகக் காட்டும் என்பதை 1901இல் ஃபான் ரெக்லிங்ஹாஸன் கண்டுபிடித்து அகலமாக்கினார். பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றி "உங்களுக்கு பிரஷர்" என்று சொல்லும் கூத்து இன்றும் நடக்கிறது. பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை கேட்டுப் பாருங்கள், முறைத்தால் முறைக்கட்டும்.

ஒரு டின்னருக்காகப் பிறந்த சார்ட்

மயக்க மருந்து கொடுக்கும்போது அழுத்தத்தையும் நாடியையும் குறித்து வைக்கும் வழக்கம் எப்படி வந்தது தெரியுமா? பந்தயத்தால்! 1890களில் பாஸ்டனில் ஹார்வி குஷிங், எர்னஸ்ட் காட்மன் என்று இரண்டு மருத்துவ மாணவர்கள். அந்தக் காலத்தில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுக்கும் வேலை மாணவர்கள் தலையில்தான் விழும். குஷிங் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி மேசையிலேயே இறந்துபோனார். ஆள் நொறுங்கிவிட்டார், படிப்பையே விட்டுவிடலாம் என்ற அளவுக்கு. பிறகு நண்பர்கள் இருவரும் யார் நன்றாக மயக்கம் கொடுக்கிறோம் பார்ப்போம் என்று ஒரு டின்னரைப் பந்தயம் கட்டி, நோயாளியின் நாடியையும் மூச்சையும் தாளில் குறிக்க ஆரம்பித்தார்கள். அந்தத் தாள்தான் இன்று உலகத்தின் எல்லா அறுவை அரங்குகளிலும் ஓடும் அனஸ்தீசியா சார்ட்டுக்கு மூதாதை.

அதே குஷிங் 1901இல் இத்தாலியின் பவியா நகருக்குப் போனார். அங்கே நோயாளிகளின் படுக்கையோரம் ரீவா-ரொச்சி கருவியைக் கண்டு அசந்துபோய், படம் வரைந்து எடுத்துக்கொண்டு பால்டிமோர் திரும்பினார். அறுவை நடக்கும்போதே அழுத்தத்தையும் குறிக்க வைத்தார். எல்லோரும் கைதட்டினார்களா? இல்லவே இல்லை! 1904இல் ஹார்வர்ட் அறுவைத் துறை ஆராய்ந்து பார்த்து, தேர்ந்த டாக்டரின் விரல் நாடியைத் தொட்டுச் சொல்வதே போதும், இந்தக் கருவி எல்லோருக்கும் அவசியமில்லை என்ற முடிவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டே, 1905இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ராணுவ மருத்துவ அகாடமியில் நிகொலாய் கொரொத்கோவ் என்ற இளம் அறுவை மருத்துவர் எழுந்து நின்று, பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் சத்தம் கேட்கும், தொடங்கும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண் என்று சொன்னார். அச்சில் ஒரு பக்கம்கூட நிரம்பாத அறிக்கை! ரஷ்ய-ஜப்பான் போரில் குண்டடி பட்ட ரத்தக் குழாய்களை ஸ்டெதஸ்கோப்பால் கேட்டுப் பழகிய காது அது. அந்த 'டப் டப்' எதனால் உண்டாகிறது என்பதில் நூற்றாண்டு கடந்தும் விஞ்ஞானிகளுக்குள் வழக்கு தீரவில்லை.

எந்தக் கை?

இதய நோயாளிக்கு 'கையைக் கொடுங்கள்' என்றால் போதாது, எந்தக் கை என்று கேட்க வேண்டும். சில பேருக்கு அந்தப் பதிலில் உயிரே இருக்கிறது!

1944 நவம்பர் 29. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. உடம்பெல்லாம் நீலம் பாரித்த ஒரு குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளேலாக் அறுவை செய்கிறார். யோசனை கொடுத்தவர் இதய மருத்துவர் ஹெலன் டாவ்சிக். நாய்களில் இந்த அறுவையைச் செய்து செய்து கைவசப்படுத்திய விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர் ஒரு ஸ்டூல்மேல் ஏறி, பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொல்கிறார். என்ன செய்தார்கள்? இடது கைக்குப் போகும் பெரிய தமனியை வெட்டித் திருப்பி நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள். குழந்தையின் நீலம் குறைந்தது. ஆனால் அந்தக் கையின் கதி? சின்னச் சின்னக் கிளைக் குழாய்கள் புகுந்து கையைக் காப்பாற்றிவிடும், நாடி மட்டும் பலவீனமாகிவிடும். இப்படி அறுவை செய்துகொண்டவர் 30 வருஷம் கழித்து வேறு அறுவைக்கு வந்து, விவரம் தெரியாமல் அந்தக் கையில் பட்டையைச் சுற்றினால் பி.பி. அபாயகரமாகக் குறைந்துவிட்டது போலக் காட்டும். அவசர அவசரமாக மருந்து ஏற்றினால் மற்ற உடம்பெல்லாம் அழுத்தம் எகிறும்!

பெருந்தமனி நெஞ்சுக்குள்ளேயே குறுகிப்போன பிள்ளைகளுக்கு இதற்கு நேர்மாறு. வலக் கையில் அழுத்தம் கொதிக்கும், காலில் வாடும். அதனால் அவர்களுக்குக் கையிலும் காலிலும் பட்டை கட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்தவருக்கு அந்தக் கை பக்கமே பட்டை போகக் கூடாது. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்கிறவருக்கு மறு கை.

இன்னொன்று, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர்கள் கட்டாயம் கண்டிருப்பார்கள்: பட்டை இறுகும்போதெல்லாம் மானிட்டர் அலறும், உறவினர்கள் பதறி ஓடுவார்கள், நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். காரணம்? ரத்தத்தின் ஆக்ஸிஜனைப் பார்க்க விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரும் பட்டையும் ஒரே கையில்! பட்டை ரத்தத்தை நிறுத்துகிறது, விரலுக்கு நாடி போகவில்லை, ஆக்ஸிமீட்டர் "ஐயோ" என்கிறது. மறு கைக்கு மாற்றினால் தீர்ந்தது.

கையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதுகூடக் கணக்குத்தான். இதய மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் 7.5 மில்லிமீட்டர் குறைத்துக் காட்டும். அறுவை மேசையைச் சாய்த்தால் நோயாளிக்கு ஒன்றும் ஆகாமலே எண் மாறுவது இதனால்தான்!

350 துடிப்புகள் இருட்டில்

அமெரிக்க மயக்க மருந்து நிபுணர்கள் சங்கம் 1986இல் வகுத்த தரவிதிப்படி, மயக்கத்தில் இருப்பவருக்குக் குறைந்தது 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நல்ல விதி. ஆனால் 5 நிமிஷத்தில் இதயம் எத்தனை முறை துடிக்கும் தெரியுமா? நிமிஷத்துக்கு 70 என்றால் 350! இரண்டு அளவுகளுக்கு நடுவே 350 துடிப்புகள் என்ன ஆயின என்று பட்டைக்குத் தெரியாது.

சாதாரண அறுவையில் பரவாயில்லை. இதயச் சிகிச்சையில்? தொடை வழியாக பெருந்தமனி வால்வை மாற்றும் முறையைப் பாருங்கள். 2002 ஏப்ரல் 16இல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே முதன்முதலில் செய்தது. பலூன் வைத்த வால்வை விரிக்கும்போது இதயம் ஓங்கித் துடித்தால் வால்வு இடம்மாறிவிடும். அதனால் பேஸ்மேக்கர் ஒயரால் இதயத்தை வேண்டுமென்றே நிமிஷத்துக்கு 180, 200 என்று விரட்டுகிறார்கள்! அந்த வேகத்தில் இதய அறைக்குள் ரத்தம் நிரம்பவே நேரமில்லை, வெறுமனே படபடக்கிறது. அழுத்தம் சில விநாடிகளுக்கு விழுந்துவிடுகிறது. வால்வு உட்கார்ந்ததும் விரட்டலை நிறுத்துகிறார்கள், அழுத்தம் மீள்கிறது. இந்த நாடகம் முழுக்க முடியும்போது கைப் பட்டை இன்னும் காற்றை நிரப்பிக்கொண்டிருக்கும்! அதனால்தான் இங்கெல்லாம் தமனிக்குள் மெல்லிய குழாய் வைத்து, துடிப்புக்குத் துடிப்பு திரையில் அலையாகப் பார்க்கிறார்கள். பெரிய இதய அறுவைகளில் இந்த ஆர்ட்டீரியல் லைனுக்கு மாற்று இன்றுவரை இல்லை.

குழாய் வைக்காமலே துடிப்புக்குத் துடிப்பு பார்க்க முடியாதா? முடியும், விரல் நுனியில்! கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோ நகரத்து உடலியங்கியல் அறிஞர் யான் பெனாஸ் யோசித்தது இது. விரலில் ஒரு குட்டிப் பட்டை, அதற்குள் ஒரு விளக்கு, ஒளியைப் பார்க்கும் ஒரு கண். துடிப்பு வரும்போது விரல் தமனி விரியப் பார்க்கும். ஒளி அதைக் காட்டிக்கொடுக்கும். உடனே பட்டை அதே அளவு அமுக்கி விரியவிடாமல் தடுக்கும். சரிசமமான இரண்டு பேர் முழங்கையை ஊன்றிக் கைமல்யுத்தம் போடும்போது கைகள் அசையாமல் நிற்குமே, அப்படி. தமனி இம்மியும் அசையவில்லை என்றால் வெளி அழுத்தமும் உள் அழுத்தமும் ஒன்று என்று அர்த்தம். பட்டையின் அழுத்தத்தைப் படித்தால் அதுவே ரத்த அழுத்தம்! இதற்காகப் பட்டை தன் அழுத்தத்தை விநாடிக்கு 1000 தடவை திருத்திக்கொள்கிறது. ஆயிரம் தடவை! 1973இல் பெனாஸ் இதை மாநாட்டில் வைத்தார். நெதர்லாந்தின் கரெல் வெஸ்லிங் குழு அதைப் பயனுக்குரிய கருவியாக வளர்த்தது. அந்த அலையின் வடிவத்திலிருந்தே இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்றும் கணக்குப் போட்டார்கள். குளிரில் விரல் விறைத்துப்போன நோயாளியிடம் மட்டும் இதன் ஜம்பம் சாயாது. அதிர்ச்சியில் இருப்பவருக்கும் விரல் ரத்தம் வற்றிவிடும், அதாவது மிகத் தேவையான நேரத்தில்தான் இது கைவிடும்!

இரைச்சலைப் பிடித்த ஜப்பானியர்

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே ஆக்ஸிமீட்டர், அதைக் கண்டுபிடித்தவர் ஆக்ஸிஜனைத் தேடவே இல்லை என்பது தெரியுமா? டோக்கியோவின் நிஹான் கோடென் நிறுவனத்தில் தகுவோ அவோயாகி தேடியது இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதை. ரத்தத்தில் சாயத்தை ஏற்றி, காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, சாயம் எவ்வளவு வேகமாகக் கரைந்து போகிறது என்று பார்த்தார். ஆனால் சனியன் பிடித்த நாடி! ஒவ்வொரு துடிப்புக்கும் கோடு மேலும் கீழும் ஆடிக் கணக்கைக் கெடுத்தது. இரண்டு நிற ஒளியை வைத்து அந்த ஆட்டத்தை அடித்துச் சமன் செய்யப் பார்த்தார். சமன் ஆயிற்று, ஆனால் ஆக்ஸிஜன் அளவு மாறும்போதெல்லாம் மறுபடி கெட்டது. அங்கேதான் பொறி தட்டியது! துடிக்கிற ரத்தம் தமனி ரத்தம் மட்டுமே. எலும்பு துடிக்காது, தோல் துடிக்காது, நகம் துடிக்காது. ஆடுகிற பகுதியை மட்டும் எடுத்தால் தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் தனியே வந்துவிடும். விரட்டிக்கொண்டிருந்த இரைச்சலே விடை! 1974இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ஒரு மாதத்துக்குள் இன்னொரு ஜப்பானிய நிறுவனமான மினோல்டாவும் இதே யோசனையோடு வந்து நின்றது.

அறுவை அரங்கின் அந்த 'பீப், பீப்' சத்தத்தில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஆக்ஸிஜன் குறையக் குறைய சுருதி இறங்கும்! திரையைப் பார்க்காமலே, முதுகைக் காட்டி நின்றாலும், சுருதி ஒரு படி இறங்கியதும் மயக்க மருந்து நிபுணரின் தலை திரும்பிவிடும்.

ஆனால் இந்த அதிசயத்துக்குத் தோல் நிறம் கண்ணில் படுகிறது. அமெரிக்காவில் 2020இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஆக்ஸிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி 'நன்றாக இருக்கிறது' என்று காட்டியது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு. கறுத்த தோலுள்ள நம் ஊர்க்காரர்கள் விரல் நுனி எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

காத் லேபில் இதே விரல் விளக்குக்கு இன்னொரு வேலை உண்டு. 1989இல் மான்ட்ரியலின் லூசியன் காம்போ தொடையை விட்டு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்து காட்டினார். இப்போது பெரும்பாலும் அதே வழிதான். சிகிச்சை முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டியைக் கட்டி அனுப்புகிறார்கள். ரொம்ப இறுக்கினால் தமனியே அடைத்துப்போகும், தளர்த்தினால் ரத்தம் பீறிடும். சரியான இறுக்கம் எது? ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி, சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை அமுக்கிப் பிடிக்கிறார்கள். அப்போதும் திரையில் அலை வந்தால், பட்டிக்கு அடியில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, கவலை இல்லை. இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யாமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் செல்லாது என்பேன்.

கப்பல் பட்டறையிலிருந்து இதயத்துக்கு!

ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ கருவி எங்கே பிறந்தது தெரியுமா? சுவீடனின் மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் பட்டறையில்! இரும்புத் தகட்டில் விரிசல் பார்க்கும் ஒலிக் கருவியை ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் கடன் வாங்கித் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். அவரும் லுண்ட் நகரத்து இதய மருத்துவர் இங்கே எட்லரும் 1953 அக்டோபர் 29இல் துடிக்கும் இதயத்தின் அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். ரத்தம் ஓடும் வேகத்தை எக்கோவில் காட்டுகிறதே டாப்ளர் தத்துவம், அது 1842இல் நட்சத்திரங்களின் நிறத்தை விளக்கச் சொல்லப்பட்டது. அதைச் சோதிக்க 1845இல் ஹாலந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுகிறவர்களை ஏற்றி ஊத விட்டார்கள்!

காத் லேபில் அழுத்தம் திடீரென்று சரிந்தால் ஓடிவருவது எக்கோ மெஷின்தான். இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் ரத்தம் கசிந்து நெரிக்கிறதா, புது வால்வின் ஓரம் ஒழுகுகிறதா, சில விநாடியில் தெரிந்துவிடும். 'குறைந்துவிட்டது' என்று பட்டை சொல்லும், ஏன் என்று எக்கோ சொல்லும்.

நெஞ்சில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, அது படும் தடையை வைத்தே இதயம் தள்ளும் ரத்தத்தைக் கணக்கிடும் முறை ஒன்றும் இருக்கிறது. 1966இல் மினசோட்டாவில் குபிசெக் குழு செய்தது, நாசாவுக்காக! விண்வெளி வீரர்களின் ஆரோக்கியமான நெஞ்சில் அழகாக வேலை செய்தது. நுரையீரலில் நீர் கோத்த இதய நோயாளியிடம் தடுமாறுகிறது.

நாடியே இல்லையென்றால்?

இதுவரை சொன்ன பட்டை, விரல் விளக்கு, விரல் பட்டை எல்லாவற்றுக்கும் ஒரே முதலீடு நாடி. அந்த நாடியை நிறுத்துவதுதான் பல இதய அறுவைகளின் முதல் வேலை!

1953 மே 6. ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண்ணின் இதயத் துளையை அடைக்கிறார். 26 நிமிஷம் அந்தப் பெண்ணின் இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை முழுக்க ஒரு மெஷின் செய்கிறது. இதய-நுரையீரல் மெஷின் ரத்தத்தைத் துடிப்பில்லாமல் ஒரே சீராகத் தள்ளுகிறது. இன்றும் பைபாஸ் பம்ப்பில் போட்டு இதயத்தை நிறுத்தியதும் திரையில் என்ன நடக்கும் தெரியுமா? ஈ.சி.ஜி. கோடு தட்டை. ஆர்ட்டீரியல் லைனின் அலை தட்டை, 60, 70 என்று ஒரே எண். கைப் பட்டையைப் போட்டால் உதைக்க ஆளில்லை, பிழை காட்டும். ஆக்ஸிமீட்டர் வாய் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கும் கருவிகள் எல்லாமே குருடாகிவிடும். நோயாளியோ உயிரோடு, பத்திரமாக!

ஒன்றே ஒன்று மட்டும் விழித்திருக்கும். நெற்றியில் இடமும் வலமும் ஒட்டிய இரண்டு ஸ்டிக்கர்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மண்டையோட்டைத் தாண்டி மூளையின் மேற்பரப்புவரை போய்த் திரும்பும் என்று 1977இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் யோப்ஸிஸ் காட்டினார். இந்தக் கருவி நாடியை எதிர்பார்ப்பதில்லை. மூளை தன் பங்கு ஆக்ஸிஜனை எடுத்த பிறகு ரத்தத்தில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிறது. பெரும்பாலோருக்கு 60 சதவீதத்துக்கும் 75 சதவீதத்துக்கும் நடுவே. தொடக்க அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு விழுந்தால் எச்சரிக்கை. பெருந்தமனி வளைவில் அறுவை செய்யும்போது மூளைக்கு ஒரு பக்கத்துக் குழாய் வழியாக மட்டும் ரத்தம் அனுப்புவார்கள். வலது எண் நன்றாக இருந்து இடது எண் மட்டும் சரிந்தால், மறுபாதிக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை என்று அந்த ஸ்டிக்கர் காட்டிக்கொடுத்துவிடும்.

இதயம் காத் லேப் மேசையிலேயே நின்றுபோய், நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும்போது ரத்தம் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? மூச்சைப் பார்த்து! வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு இருக்க வேண்டுமானால் ரத்தம் அதை நுரையீரல்வரை சுமந்து வந்திருக்க வேண்டும். திரையில் அந்த வாயுவின் எண் 10க்குக் கீழே கிடந்தால் அமுக்குவது போதவில்லை, அல்லது அமுக்குகிறவர் களைத்துவிட்டார், ஆளை மாற்று. சட்டென்று 35, 40 என்று ஏறினால்? இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது! விரல் நாடியைத் தேடிக் கண்டுபிடிக்கும் முன்பே மூச்சு சொல்லிவிடுகிறது.

கடைசியாக ஒன்று. நாடி ஏறக்குறைய இல்லாமலே நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள் தெரியுமா? அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் டிக் செனி 2010 ஜூலை முதல் 2012 மார்ச்சில் மாற்று இதயம் கிடைக்கும்வரை அப்படித்தான் இருந்தார்! பலவீனமான இதயத்தோடு பொருத்திய குட்டி பம்ப் ரத்தத்தை இடைவிடாமல் ஒரே ஓட்டமாகத் தள்ளும். இப்படிப்பட்டவர் கையில் தானியங்கி பி.பி. மெஷினைக் கட்டினால் பல நேரம் திணறித் திணறிப் பிழை காட்டும். அதனால் பழைய கைப் பட்டையைச் சுற்றி, முழங்கை மடிப்பில் சின்ன டாப்ளர் பேனாவை வைத்து, காற்றை இறக்கிக்கொண்டே கேட்கிறார்கள். ரத்தம் பாயும் சத்தம் முதலில் எந்த எண்ணில் வருகிறதோ, அதையே சராசரியாக எடுத்துக்கொள்கிறார்கள். கீழ் எண் என்று ஒன்று கிடையாது. சீட்டில் '82' என்று ஒற்றை எண்தான் இருக்கும். இவர்களில் ஒருவர் மயங்கி விழுந்து, உதவிக்கு ஓடியவர் நாடியைத் தொட்டுப் பார்த்து 'போய்விட்டது' என்று கையை விரித்தால் அது பெரிய தப்பு. மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மோட்டார் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும், இடுப்பில் தொங்கும் கன்ட்ரோலரில் பேட்டரி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்!